மூடி வைத்த நல்ல கை

அக்கா, இடது கையால் சாப்பிடுகிற பிள்ளைக்கு நீங்கள் சோறு போட்டிருக்கிறீர்களா? இத்தனை வருஷமாக இந்தப் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக்குச் சமைக்கிறீர்கள், ஒரு பிள்ளையாவது வந்திருக்கும். இல்லையா? சரி, விடுங்கள். அந்த முட்டைச் சட்டியை இப்படித் தள்ளுங்கள், நான் உரித்துத் தருகிறேன். சும்மா உட்கார்ந்தால் எனக்குப் பேச்சு வராது. கைக்கு வேலை இருந்தால்தான் வாய் ஓடும்.

நான் ஒன்றாம் வகுப்புப் பரணிதரனுடைய அம்மா. ரஞ்சனி. பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து தினமும் மதியம் வந்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அவனைக் கூட்டிக்கொண்டு போய் ஊட்டிவிட்டேனே, பார்த்திருப்பீர்கள். பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தீர்கள். அது உங்கள் நல்ல குணம். இன்றைக்கு ஊட்ட வரவில்லை. இன்றைக்கு அவன் மற்றப் பிள்ளைகளோடு வரிசையில் உட்கார்ந்து தானாகச் சாப்பிடப் போகிறான். சாப்பிடுவான் என்றுதான் நினைக்கிறேன். சாப்பிடாவிட்டால் வீட்டுக்கு வருகிற வரைக்கும் பட்டினிதான். பசி வந்தால் அவனுக்குப் பாடமும் ஏறாது, காலும் தடுக்கும். அதனால்தான் உங்கள் காதில் முன்கூட்டியே போட்டுவைக்கலாம் என்று வந்தேன்.

அவனுக்கு வலது கை சரியில்லை அக்கா. பிறந்ததும் அழவில்லை, கண்ணாடிப் பெட்டியில் வைத்துத்தான் காப்பாற்றினார்கள். அதில் வலது பக்கம் பலம் குறைந்துவிட்டது. கால் பரவாயில்லை, கொஞ்சம் இழுப்பான், ஆனால் ஓடுவான். ஓடுகிற ஓட்டத்தில் வீட்டில் ஒரு குடம் நிமிர்ந்து நிற்காது. கைதான். விரல் மடங்கி, முழங்கை மடங்கி, கோழி இறக்கை மாதிரி ஒட்டிக்கொண்டு இருக்கும். இடது கை மட்டும் இரண்டு கைக்கும் சேர்த்து வேலை பார்க்கும். பென்சில் பிடிப்பதும் அதுதான், கல் எறிவதும் அதுதான், எங்கள் ஆட்டுக்குட்டியின் காதைத் திருகுவதும் அதுதான்.

நான் வெட்கப்படுகிற ஆள் கிடையாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். குழாயடியில் என் சிரிப்புச் சத்தம் கேட்டுத்தான் தண்ணீர் வந்துவிட்டது என்று தெரிந்துகொள்வார்கள். பிள்ளைக்கு இப்படி என்று தெரிந்தபோதும் மூலையில் உட்கார்ந்து அழவில்லை. அவன் அப்பா போர்வெல் வண்டியில் வேலை, ஆந்திரா, கர்நாடகா என்று மாதக்கணக்கில் போய்விடுவார். அழுதால் யார் பார்க்கப் போகிறார்கள்? முகத்தைக் கழுவிக்கொண்டு, பிள்ளையை இடுப்பில் வைத்து, பஸ் ஏறினேன்.

வட்டார வள மையத்தில் வாரத்துக்கு ஒருநாள் இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி நடக்கும். நடக்கப் பழக்குகிறவர் ஒருவர், பேசப் பழக்குகிறவர் ஒருவர். பெனாசிர் மேடத்தைக் காட்டி, "இவங்க ஓ.டி." என்றார்கள். ஓ.டி. என்றால் ஆபரேஷன் ஏதோ என்றுதான் நினைத்தேன். உள்ளே போய்ப் பார்த்தால், அவர் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து ஒரு பிள்ளைக்குச் சட்டைப் பொத்தான் மாட்டச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறார். பொத்தான் மாட்ட, பல் தேய்க்க, டவுசர் ஏற்ற, சோறு சாப்பிட, இதற்கெல்லாம் கூடவா ஒரு படிப்பு என்று நினைத்தேன். இருக்கிறது அக்கா, அதற்குத்தான் ஓ.டி. என்று பெயராம். நமக்குத் தானாக வந்ததால் தெரியவில்லை.

இந்த முட்டை ஓடு ஏன் இப்படி ஒட்டிக்கொண்டு வருகிறது? வெந்ததும் பச்சைத் தண்ணீரில் போட்டீர்களா? போட்டீர்களா, அப்படியென்றால் முட்டை புதிது. பரவாயில்லை, நகத்தால் எடுத்துவிடுகிறேன்.

மேடம் நல்ல மாதிரி. துணிக் கிளிப்பை டப்பா விளிம்பில் மாட்டச் சொல்வார், ஈரத் துண்டைப் பிழியச் சொல்வார், சப்பாத்தி மாவு பிசையச் சொல்வார். வேலை ஒன்றும் மருத்துவம் மாதிரியே இருக்காது. என் வீட்டு வேலையில் பாதியை என் பிள்ளைக்குக் கொடுத்த மாதிரி இருக்கும். சாப்பாட்டுக்கு வந்தபோதுதான் எனக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. வலது கை தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொள்ளட்டும், இடது கையால் சாப்பிடட்டும் என்றார்.

நான் சொன்னேன், "மேடம், சோத்துக் கைன்னு நாம எதைச் சொல்றோம்? நாலு பேர் முன்னாடி பீச்சாங்கையால எப்படிங்க மேடம்?"

"எங்க வீட்லயும் அப்படித்தான் சொல்லி வளத்தாங்க ரஞ்சனி. நான் இன்னைக்கும் வலது கையிலதான் சாப்பிடுறேன். ஆனா இவனுக்குப் பசிக்குது. எந்தக் கையில வந்துச்சுன்னு வயிறு கேக்குமா?"

தலையை ஆட்டினேன். வீட்டுக்கு வந்து பழக்கினேன். அவனும் பிடித்துக்கொண்டான். நானும் அவனும் மட்டும் இருக்கும்போது அவன் பாட்டுக்குச் சாப்பிடுவான். யாராவது வந்துவிட்டால் தட்டை வாங்கி நான் ஊட்டிவிடுவேன். அவ்வளவுதான். அது ஒன்றும் பெரிய குற்றம் இல்லை. பிள்ளைக்கு ஊட்டாத அம்மா யார்?

அப்புறம் மேடமே இன்னொன்று சொல்லிக்கொடுத்தார். அதுதான் இப்போது விஷயம். நல்ல கையைக் கொஞ்ச நேரம் மூடி வைத்தால், சோம்பிக் கிடக்கிற கை வேறு வழியில்லாமல் வேலைக்கு வரும். "விளையாடுறப்ப மட்டும். அவனுக்குப் பிடிச்ச விளையாட்டா இருக்கணும். அழுதான்னா கழட்டிரணும். சாப்பிடுறப்ப போடவே கூடாது" என்று விளக்கமாகத்தான் சொன்னார். நான் அதைக் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது, கேட்டேன்.

சாக்ஸ் ஒன்றை மாட்டினால் போதும் என்றார். எனக்குத் தையல் தெரியும், சாக்ஸ் எதற்கு? ஜாக்கெட் தைத்து மிஞ்சிய வெல்வெட் துணியில் ஒரு உறை தைத்தேன். முயல் முகம், பொத்தான் கண், நீளமாக இரண்டு காது, மணிக்கட்டில் இழுத்துக் கட்ட நாடா. மேடம் அதை மற்ற அம்மாக்களுக்கெல்லாம் தூக்கிக் காட்டினார். ஆளாளுக்கு எனக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று கேட்டார்கள். கிளியும் யானையுமாகத் தைத்துக் கொடுத்தேன். அன்றைக்கு எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா.

பரணிக்கு முயலைப் பிடித்துவிட்டது. முயலோடு பேசுவான். முயல் தூங்குகிறது என்று நல்ல கையை மடியில் வைத்துக்கொண்டு மற்றக் கையால் பந்தைத் தள்ளுவான். ஒருநாள் அந்த மடங்கிய விரல் தானாகத் திறந்து ஒரு கிளிப்பைப் பிடித்தது. நான் தெருவுக்கே ஓடிப்போய்ச் சொன்னேன்.

அப்போதுதான் யோசித்தேன். நல்லதுதானே செய்கிறது, கொஞ்சம் கூடப் போட்டால் என்ன? செடிக்கு ஒரு வேளைக்கு இரண்டு வேளை தண்ணீர் விட்டால் கோபித்துக்கொள்ளுமா? கடைக்குப் போகும்போது போட்டுவிட்டேன். பஸ்ஸில் போட்டுவிட்டேன். சாப்பிடுகிற நேரத்தில் மட்டும் போடுவதே இல்லை. அதாவது, வீட்டில் ஆள் இல்லாதபோது போடுவதில்லை. யாராவது வந்தால் போட்டுவிடுவேன். போட்டுவிட்டால் நான்தானே ஊட்டவேண்டும், பார்க்கிறவர்களுக்கும் அது சரியாக இருக்கும். "இதென்னடி கையில?" என்று கேட்டால், "தெரபி. மேடம் சொல்லியிருக்காங்க" என்பேன். அந்த வார்த்தையைச் சொன்னால் யாரும் அதற்கு மேல் கேட்பதில்லை. வசதியான வார்த்தை அக்கா அது.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே, "பரணி, முயலைத் தூங்க வை" என்பேன். அவனும் கையை நீட்டுவான். ஒருநாள் கேட்டான், "ஏம்மா, நான் விளையாடவே இல்லையே?"

"அந்தக் கையால தின்னா சிரிப்பாங்கடா, அதான்" என்றேன். ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். இரண்டு தடவை இருக்கலாம்.

சித்திரையில் என் நாத்தனார் மகளுக்குக் காது குத்தினார்கள். ஆலங்குடிப் பக்கம் அவர்கள் ஊர். நாத்தனார் என்றால் என் வீட்டுக்காரருக்கு அக்கா, தனம் அண்ணி. நல்லவர்தான், ஆனால் வாய் ஒரு ஊருக்குக் கேட்கும். பெண்ணுக்குத் தாய்மாமன் என் வீட்டுக்காரர்தான், அவர் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அதற்காகவே வண்டியை விட்டுவிட்டுக் கர்நாடகாவிலிருந்து வந்தார். நாங்கள்தான் சீர்த்தட்டு தூக்கிக்கொண்டு முன்னால் போக வேண்டியவர்கள். ஊரே எங்களைத்தான் பார்க்கும். பஸ் ஏறும்போதே பரணிக்கு முயலை மாட்டிவிட்டேன்.

நாடாவை அன்றைக்குக் கொஞ்சம் இறுக்கித்தான் கட்டினேன். ஏனென்றால் அவன் பல்லால் இழுத்து அவிழ்க்கப் பழகியிருந்தான். முடிச்சு மேல் முடிச்சு. வலிக்கிற மாதிரி இல்லை, அதைப் பார்த்துத்தான் கட்டினேன்.

காது குத்தி முடித்ததும் பந்தி. மாமன் வீட்டாருக்குத்தான் முதல் பந்தி. நான் பரணியைக் கையைப் பிடித்து, சமையல் சாமான் வைத்திருந்த அறைக்குள் கூட்டிக்கொண்டு போய் ஊட்டிவிடலாம் என்று ஒரு ஓரமாக நகர்ந்தேன். அண்ணி பார்த்துவிட்டார்.

"ஏய், எங்கடி எங்க மருமவனைக் கடத்திட்டுப் போற? வா சாமி, அத்தை மவ பக்கத்துல உக்காரு. நீ வா ரஞ்சனி, வாசல்ல ஆளுங்க நிக்கிறாங்க, சந்தனம் குடு."

"அவன் தனியா சாப்பிட மாட்டான் அண்ணி. தெரபி..."

"பெரிய பய ஆயிட்டான், அதெல்லாம் சாப்பிடுவான். நீ வாடி."

சந்தனத் தட்டோடு வாசலில் நின்றேன். அவன் எனக்காகக் காத்திருப்பான் என்று நினைத்தேன். அவனுக்கு ஆட்டுக்கறி என்றால் உயிர், அதை யோசிக்கவில்லை.

திரும்பி வந்தபோது இலையில் சோறும் குழம்பும் நல்லி எலும்பும் இருந்தன. அவன் மடங்கிய கையை இலையில் வைத்துத் தள்ளிக்கொண்டிருந்தான். முழங்கை வரைக்கும் குழம்பு. வாய்க்கு ஒன்றும் போகவில்லை. சுற்றி எல்லாரும் தின்கிறார்கள். முயல் கை மடியில் கிடக்கிறது. நான் போவதற்குள் அவன் இரண்டு பக்கமும் பார்த்தான். குனிந்தான். இலையில் வாயை வைத்துச் சாப்பிட ஆரம்பித்தான்.

எதிர் வரிசையில் ஒரு பிள்ளை, "டேய், ஆடு மாதிரி திங்கிறான்டா" என்றான். சிரித்தார்கள். பெரியவர்களும் ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள்.

எந்தச் சிரிப்புக்குப் பயந்து மூடி வைத்தேனோ, அந்தச் சிரிப்பு. அதைவிடப் பெரிதாகவே வந்தது.

அண்ணிதான் முதலில் ஓடினார். முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார், முடியவில்லை. மண்டபத் தரையில் மண்டி போட்டு, பட்டுப் புடவையோடு, நாடாவைப் பல்லால் கடித்து இழுத்தார். "எந்த மடச்சி இப்படிக் கட்டுனது?" என்று கேட்டுக்கொண்டேதான் கடித்தார். யார் கட்டியது என்று அவருக்குத் தெரியாதா? அந்த இடத்தில் அந்த வார்த்தை வேண்டுமா? உள்ளே கூட்டிக்கொண்டு போய் அவிழ்த்திருக்கலாம் இல்லையா? எல்லார் முன்னாலும்தான் செய்யவேண்டுமா? அதற்காக மட்டும் நான் அண்ணியை மன்னிக்கவில்லை. மற்றபடி அவர் செய்தது நல்ல காரியம்தான்.

உறையைக் கழற்றி எறிந்துவிட்டு, "இந்தக் கையால சாப்பிடு சாமி. எவன் சிரிக்கிறான்னு அத்தை பாக்குறேன்" என்றார். இடது கைதான். அண்ணி. எந்த அண்ணி என்ன நினைப்பாரோ என்று நான் இத்தனை மாதமும் பயந்தேனோ, அந்த அண்ணி.

பரணி அந்தக் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான். எடுக்கவே இல்லை.

"எடுடா தங்கம்."

"வேணாம் அத்தை. அந்தக் கையால சாப்பிட்டா அம்மாவுக்கு வெக்கம்."

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை அக்கா. மணி என்ன என்று கேட்டால் சொல்வது மாதிரி சொன்னான். ஆனால் ரச வாளியோடு வந்தவர் நின்றுவிட்டார். சிரித்தவர்கள் இலையைப் பார்த்தார்கள். நான் சந்தனத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே நிற்கிறேன். நான் அவனிடம் சிரிப்பார்கள் என்றுதான் சொன்னேன். எனக்கு வெட்கம் என்று நான் சொன்னதே இல்லை. அது அவனாகக் கண்டுபிடித்தது.

என் வீட்டுக்காரர் வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் முகத்தைக் கழுவிவிட்டார். என்னை ஒரு தடவை பார்த்தார். திட்டவில்லை. வண்டிக்குப் போகிற வரைக்கும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு பேசியிருப்பேன், எல்லாம் தீர்ந்திருக்கும்.

அடுத்த வாரம் மேடத்திடம் போய், "சாப்பிடவே மாட்டேங்கிறான் மேடம், ஏன்னே தெரியல" என்றேன்.

"ஏன்னு தெரியலையா ரஞ்சனி?"

"தெரியல மேடம்."

பரணி ஏற்கெனவே சொல்லியிருப்பான், அவன் வாய் அப்படி. மேடம், "முயல் கொஞ்ச நாள் என்கிட்ட இருக்கட்டும்" என்று கையை நீட்டினார். கொடுத்துவிட்டேன். மற்றப் பிள்ளைகளின் கிளியும் யானையும் வெளியே விளையாடிக்கொண்டிருந்தன. அவர்கள் அம்மாக்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், நல்லபடியாகத்தான். என்னால் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அதிலிருந்து என் முன்னால் அவன் அந்தக் கையை எடுப்பதில்லை. ஊட்டினால் வாயைத் திறப்பான். தட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தால், என்னையே பார்த்துக்கொண்டு சும்மா இருப்பான். கெஞ்சிப் பார்த்தேன். "அம்மாவுக்கு வெக்கம் இல்லடா, நீ சாப்பிடு" என்று சிரித்துச் சிரித்துச் சொன்னேன். நம்பவில்லை. ஆடு கட்டப் போய்விட்டு வந்தால் தட்டு காலி. கை கழுவி, சட்டையெல்லாம் ஈரமாக நிற்பான்.

ஒருநாள் கொல்லைப்பக்கமாக வந்து ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். அக்கா, அவ்வளவு அழகாகச் சாப்பிடுகிறான். வலது கை தட்டின் விளிம்பை அமுக்கிப் பிடித்திருக்கிறது, மேடம் சொல்லிக்கொடுத்தபடியே. இடது கை விரலால் குழைத்து, உருட்டி, வாய்க்குள். ஒரு பருக்கை கீழே விழவில்லை. நான் ஊட்டினால்கூட இரண்டு விழும். திருட வந்தவள் மாதிரி என் வீட்டு ஜன்னலில் ஒளிந்து நின்று என் பிள்ளை சாப்பிடுவதைப் பார்த்தேன். கால் பட்டுத் தகரம் சத்தம் போட்டது. அவன் நிமிர்ந்தான். கை தொடைக்கு அடியில் போய்விட்டது. வாயில் இருந்ததைக்கூட மெல்லவில்லை.

இந்தாருங்கள், முட்டை முடிந்தது. அவனுக்குப் போடுவதை மட்டும் பாதியாக வெட்டிப் போடுங்கள், முழு முட்டை வழுக்கும். வரிசையில் இடது ஓரத்தில் உட்கார வையுங்கள், பக்கத்துப் பிள்ளையின் முழங்கை இடிக்காது. இல்லை அக்கா, மறைக்க இல்லை, இடிக்கும் என்றுதான் சொல்கிறேன். சரி. எங்கே வேண்டுமானாலும் உட்காரட்டும். அவனுக்கு எங்கே பிடிக்கிறதோ. எவனாவது பீச்சாங்கை என்பான். சொல்லட்டும், அதற்கு அவனே பதில் சொல்வான், வாய்க்கு ஒன்றும் குறைவில்லை.

காலையில் தலை வாரிவிடும்போது, "இன்னைக்கு ஊட்ட வேணாம்மா" என்றான்.

"அப்ப நான் வரல, போ" என்றேன் விளையாட்டாக.

கொஞ்சம் யோசித்தான். "வா. ஆனா பாக்காத" என்றான்.

மணி அடித்துவிட்டது. அதோ வருகிறார்கள். அந்தச் சுருட்டை முடிப் பிள்ளைக்குப் பின்னால் வருகிறான் பாருங்கள், தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. என்னைப் பார்த்துவிட்டான். பார்த்துக்கொண்டேதான் உட்காருகிறான். நான் இந்தச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். நீங்கள் போய் எல்லாருக்கும் போடுகிற மாதிரியே போடுங்கள், பக்கத்தில் நிற்க வேண்டாம், ஒன்றும் சொல்ல வேண்டாம். போட்டுவிட்டு இங்கே வாருங்கள். அவன் அந்தக் கையை வெளியே எடுக்கிறானா என்று மட்டும், எனக்காகக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள் அக்கா.